பின்சக்கரத்துக் கல்

தேவாரம் ஊரில், மனைவியைக் கூட்டிவரப் போன மாமியார் வீட்டு முற்றத்தில் நின்றபடியே ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுத் தனியாகத் திரும்பினார் காசிராஜன். மனைவி பொன்னுமணி சண்டை எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் சமாதானத்துக்காவது ஒரு வழி இருந்திருக்கும். “மலைப் பனி எனக்கு ஒத்துக்கிறல. நீங்களும் வாயத் தெறந்து பேசுறதில்ல. உங்களுக்குத்தான் லாரிக இருக்கே, அப்புறம் நான் எதுக்கு?” என்று கேட்டுவிட்டு, காய்ந்துகொண்டிருந்த மிளகாயைப் புரட்டிவிடப் போய்விட்டாள்.

அவள் சொன்னது நிஜ லாரிகளை அல்ல. போடிமெட்டுக்குப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் காசிராஜன் ஸ்டோர் பொறுப்பாளர். பறித்த ஏலக்காயை விறகுச் சூட்டில் காயவைக்கும் கட்டடத்துக்கு அங்கே ஸ்டோர் என்று பெயர். வேலை முடிந்த நேரமெல்லாம் அவர் முழ நீளத்துக்குச் சின்ன லாரிகள் செய்வார். நிஜ லாரியில் ஓர் அடி இருந்தால் அவருடையதில் முக்கால் அங்குலம். டால்டா டப்பாத் தகரத்தில் கேபின், தேய்ந்த ரப்பர் செருப்பில் டயர், சைக்கிள் கம்பியில் அச்சு, கழுவிய எக்ஸ்ரே பிலிமில் முன்கண்ணாடி. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. ஒன்றுக்கு மேலே கேரியர் வைப்பார், ஒன்றுக்குப் பம்பரை மாற்றிக் குஞ்சம் கட்டுவார், மற்றொன்றுக்கு டார்ச் பல்பு பொருத்தி விளக்கு எரியவைப்பார். நாற்பது வயது ஆள் பொம்மை செய்கிறார் என்று தோட்டத்தில் சிரித்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொதுவாகவே எதையும் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர்; பொன்னுமணியின் குறையே அதுதான்.

அது எழுபத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி. போடியில் அவர் ஏறிய பஸ் அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலையேறியது. முன் இருக்கையில் வேலுத்தாய் உட்கார்ந்திருந்தாள். அதே தோட்டத்தில் காய் பறிப்பவள். அவள் வெளியே பார்க்கவில்லை. டிரைவரின் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏன் என்று காசிராஜனுக்குத் தெரியும். அந்த மலைப்பாதையில் வண்டியோடு விழுந்து செத்தவர்களுக்கு, விழுந்த இடத்தில் ஒரு கல் நட்டிருப்பார்கள். கடந்து போகும் டிரைவர் யாராக இருந்தாலும் அங்கே ஒரு ஹாரன் கொடுத்துவிட்டுத்தான் போவார். செத்தவனுக்கு மரியாதை. வேலுத்தாயின் புருஷன் சோணை, ‘மலையரசி’ என்ற லாரியில் கிளீனராக இருந்தவன். ஆடி மாதத்து மழையில் வெள்ளைப்பாறைத் திருப்பத்தில் லாரி பின்னால் உருண்டு பள்ளத்தில் விழுந்தபோது அவனும் போய்விட்டான். டிரைவர் மொக்கையன் பிழைத்துக்கொண்டான். மேட்டில் வண்டி நின்றால் கிளீனர் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். சோணை கொடுக்கவில்லை என்று மொக்கையன் சொன்னான். ஒரு வண்டியையே கவிழ்த்தவன் என்று பெயராகிவிட்டதால் சோணைக்குக் கல்லும் இல்லை, ஹாரனும் இல்லை.

புலியூத்துக்குப் பக்கத்தில் டிரைவர் யாருக்கோ ஹாரன் கொடுத்தார். அடுத்த வளைவில் இன்னொருவருக்குக் கொடுத்தார். வெள்ளைப்பாறைத் திருப்பம் வந்தது. டிரைவரின் கை ஸ்டியரிங்கை விட்டு நகரவில்லை. வேலுத்தாய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்துகொண்டாள்.

தோட்டத்து வீடு ஒரு சரிவில் இருந்தது. கருங்கல் சுவர், தகரக் கூரை, எப்போதும் ஈரம் கசியும் தரை. பூட்டைத் திறந்ததும் பழைய சாக்கின் வாடையும் ஏலக்காயின் வாடையும் சேர்ந்து வந்தன. பின்னாலேயே பனியும் உள்ளே வந்தது. அங்கே மாலை நாலு மணிக்கே எதிரே இருக்கும் மரம் மறைந்துவிடும். அலமாரியில் வரிசையாக நின்ற சின்ன லாரிகளைத் துடைத்து வைத்துவிட்டு, காசிராஜன் ஒருவருக்கு மட்டும் காப்பி போட்டுக்கொண்டார்.

அந்த வாரம் ஸ்டோர் அடுப்புக்கு ஒரு லோடு விறகு வந்தது. இறக்கும்போதே அவர் கண்ணில் பட்டது, விறகோடு விறகாகக் கிடந்த சில பலகைகள். மஞ்சள் பெயின்ட். அதில் பாதித் தாமரை. மலையரசியின் பக்கப் பலகைகள்தான். பள்ளத்திலிருந்து எடுத்த இரும்பு எங்கோ போக, மரம் அடுப்புக்கு வந்திருந்தது.

அவர் ஒரு பலகையை மட்டும் உருவி எடுத்தார். அதன் ஓரத்தில் பெயின்ட் தேய்ந்து மரம் வழவழவென்று இருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. கிளீனர்கள் தட்டித் தட்டித் தேய்ந்த இடம் அது. பலகையில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து என்று அர்த்தம். இரண்டு தட்டினால் போகலாம். அந்த இரண்டு தட்டு விழாமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்கமாட்டார்.

மலையரசியை அவர் எத்தனையோ தடவை அருகில் நின்று பார்த்திருக்கிறார். அதையே செய்துவிடுவது என்று முடிவு செய்தார். அதன் பலகையிலேயே, தேய்ந்த இடமும் வரும்படி. யாருக்காவது தெரிந்திருந்தால் கூடாது என்று தடுத்திருப்பார்கள். கேட்பதற்கு வீட்டில்தான் யாரும் இல்லையே.

ஒரு மாதம் அதிலேயே கிடந்தார். பலகையை மெல்லிசாக இழைத்தார். மூக்குக்கு மேல் மஞ்சள் பட்டை, பக்கப் பலகையில் தாமரை, பின்பக்கம் ‘மலையரசி’ என்ற எழுத்து, எல்லாவற்றையும் அணில் வால் மயிரில் கட்டிய பிரஷ்ஷால் எழுதினார். கடைசியாகச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு முட்டுக்கட்டை செதுக்கி, துளை போட்டு, நூலில் கட்டிப் பின்பக்கம் தொங்கவிட்டார். நிஜ வண்டியில் அது அங்கேதான் தொங்கும்.

முடித்த லாரிக்குப் பூஜை போடுவது அவர் வழக்கம். புது லாரி எடுத்தால் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள் அல்லவா? அத்தனை சின்ன எலுமிச்சைக்கு எங்கே போவது? அதனால் நாலு பச்சை ஏலக்காய் வைப்பார். தன்னந்தனியாகச் சூடம் காட்டிவிட்டு, மேஜை மேல் மலையரசியை ஒரு விரலால் முன்னுக்குத் தள்ளினார். ஏலக்காய்கள் நசுங்கி மணம் எழுந்தது. பிறகு பின்னுக்குத் தள்ளினார்.

லாரி நகரவில்லை.

குனிந்து பார்த்தார். பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கல் இருந்தது.

செதுக்கும்போது எங்கிருந்தாவது வந்து விழுந்திருக்கும் என்று அதை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். கல் ஈரமாக இருந்தது. விரலில் சிவப்பு மண் ஒட்டியிருந்தது. தோட்டத்து மண் கறுப்பு. ரோட்டோரத்து மண்தான் சிவப்பு.

மறுநாள் காலையில் அலமாரியைப் பார்த்தார். மலையரசியின் பின்னால் நூல் மட்டும் தொங்கியது. கட்டை இல்லை. பின்சக்கரத்துக்குக் கீழே கல் இருந்தது.

எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். எலி கட்டையைத் தூக்கிக்கொண்டு போகும். கல்லைக் கொண்டுவந்து வைக்குமா என்பதை யோசிக்க மனம் வரவில்லை. காப்பிக்கு அடுப்பைப் பற்றவைக்கச் சாம்பலைக் கிளறினார். சாம்பலில் கட்டை கிடந்தது. நகமளவு முட்டுக்கட்டை, ஒரு பக்கம் கரிந்துபோய்.

அவர் இன்னொரு கட்டை செதுக்கினார். அதுவும் மறுநாள் அடுப்பில் கிடந்தது. மூன்றாவதைக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். கம்பி அவிழவில்லை, அறுபடவும் இல்லை. கட்டை அடுப்பில் இருந்தது. கல் சக்கரத்தின் கீழ் இருந்தது.

அன்று மத்தியானமே பனி இறங்கியது. ஜன்னல் வெள்ளையாகிவிட்டது. காசிராஜன் அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேறொரு லாரிக்கு அச்சு தேய்த்துக்கொண்டிருந்தார். அரம் நின்ற இடைவெளியில் ஒரு வாடை வந்தது. டீசல். நனைந்த சாக்கு. பீடி.

அவர் பீடி குடிப்பதில்லை.

தட்.

உள்ளங்கை பலகையில் விழுந்த சத்தம். சின்னப் பலகையின் சத்தம் இல்லை அது. ஒரு முழு லாரியின் பலகையில், முழு ஆள் ஓங்கித் தட்டிய சத்தம்.

அவர் திரும்பவில்லை. திரும்பக் கழுத்து வரவில்லை. வாடை மெதுவாக வடிந்து போனது. வெகுநேரம் கழித்து எழுந்து பார்த்தபோது, மலையரசி மட்டும் வரிசையை விட்டு அரை அங்குலம் பின்னால் நகர்ந்து, கல்லில் முட்டிக்கொண்டு நின்றது.

மறுநாள் ஸ்டோர் வாசலில் வேலுத்தாய் காய் மூட்டையை இறக்கியபோது, சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

“சோணை என்ன கட்டை வச்சிருந்தான் தாயி?”

அவள் மூட்டையின் மேல் கையை வைத்தபடி நின்றாள். செத்துப்போன பிறகு சோணையின் பேரை ஒருவர் சாதாரணமாகச் சொல்லி அவள் கேட்டதில்லை.

“வைரம் பாஞ்ச வேலங்கட்டைண்ணே. அந்த மனுசனே செதுக்குனது. ராத்திரி படுத்தாலும் தலமாட்டுல வச்சிட்டுத்தான் படுக்கும். நானே வைவேன், பொண்டாட்டிய வெளிய தள்ளிட்டுக் கட்டையக் கட்டிட்டுப் படுன்னு. அப்பேர்ப்பட்ட ஆளு கட்டை குடுக்கலன்னு சொல்றாக. ஊரும் நம்புது. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ணே. ஒரு ஹாரன் அடிச்சிட்டுப் போனாப் போதும்.”

அவர் மூட்டையை உள்ளே இழுத்துப் போட்டார். சாம்பலில் கிடந்த கட்டைதான் கண்ணில் நின்றது.

கார்த்திகையில் காய் மூட்டைகளை ஏற்ற மொக்கையன் வந்தான். வேறொரு முதலாளியின் லாரியில் ஓடிக்கொண்டிருந்தான். லோடு ஏறும் நேரத்தில் காசிராஜன் அவனைக் காப்பி குடிக்க வீட்டுக்கு அழைத்தார். டம்ளரை வாங்கியவன் அலமாரியைப் பார்த்தான். வேடிக்கையாகச் சிரித்தபடி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவனின் சிரிப்பு மலையரசியில் நின்றது.

“இத ஏண்ணே செஞ்சீங்க?”

“அந்தப் பலகையிலயேதான் செஞ்சேன். கட்டை மட்டும் நிக்க மாட்டேங்குது மொக்கையா. எத்தன செஞ்சு மாட்டுனாலும் அடுப்புக்குப் போயிருது.”

கரிந்த கட்டைகளை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மொக்கையன் அவற்றைத் தொடவில்லை. டம்ளரிலிருந்து காப்பி அவன் காலில் சிந்தியது. சூடு தெரிந்ததாகவே அவன் காட்டிக்கொள்ளவில்லை.

தட்.

இருவருமே கேட்டார்கள். மொக்கையனின் வலது கால், தரையில் இல்லாத பிரேக்கைத் தேடி அழுந்தியது.

“அவன் கைதாண்ணே அது” என்றான் கிசுகிசுப்பாக.

அப்புறம் தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். அன்றைக்கு மேலே செக்போஸ்டில் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது. மழை. விரல் விறைத்துவிட்டது. சுற்றிலும் ஒரு சுள்ளிகூடக் காய்ந்ததாக இல்லை. சோணை கேபினில் தூங்கிக்கொண்டிருந்தான். பின்னால் தொங்கிய கட்டைதான் எண்ணெய் குடித்திருந்ததால் மழை ஏறாமல் கிடந்தது.

“அவுத்து நெருப்புல வச்சிட்டேண்ணே. கீழ போடியில வேற கட்டை வாங்கிக்கலாம்னு நெனச்சேன். அவங்கிட்டச் சொல்லவும் இல்ல. கீழ லோடு ஏத்திட்டுத் திரும்பி ஏறுறப்ப அந்த நெனப்பே எனக்கு இல்ல. திருப்பத்துல ரேடியேட்டரு கொதிச்சு வண்டி நின்னிருச்சு. அவன் குதிச்சு ஓடிப் போயிக் கட்டையத் தேடுறான், இல்ல. கெடச்ச கல்லக் குடுத்தான். ஈரக்கல்லு, நிக்கல. ஒரு தட்டுத் தட்டுனான். நான் பிரேக்க மிதிச்சிட்டே இருந்தேன், பிடிக்கல. இன்னொரு கல்லத் தூக்கிட்டு ஓடியாந்தான். நான் குதிச்சிட்டேன்.”

வெளியே சுமைக்காரர்கள் அவனைக் கூப்பிட்டார்கள்.

“யார்ட்டயும் சொல்லிறாதீங்கண்ணே. தெரிஞ்சா எனக்கு எவனும் வண்டி தரமாட்டான். வேற சோலியும் எனக்குத் தெரியாது.”

காசிராஜன் தலையை ஆட்டினார்.

மொக்கையன் மேல் இரக்கப்பட்டு அவர் வாயை மூடிக்கொண்டார் என்று சொல்ல முடியாது. அன்று இரவு அடுப்பு முன்னால் உட்கார்ந்தபோது அவருக்கே விளங்கிவிட்டது. சொன்னால் வேலுத்தாய்க்கு அவள் கேட்ட ஹாரன் கிடைக்கும். சோணைக்குப் பேர் திரும்பும். கிடைத்ததும் அவன் போய்விடுவான். இந்த வீட்டில் தனக்காக யாரோ பலகையைத் தட்டுகிறார்கள் என்பது அவருக்குப் பழகிவிட்டிருந்தது. பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெறும் வீட்டைவிடப் பயம் மேல் என்று தோன்றும் அளவுக்கு அவர் தனித்துப்போயிருந்தார்.

அதற்குப்பிறகு இரண்டு டம்ளரில் காப்பி ஊற்றினார். பொன்னுமணியோடு பேசாத பேச்செல்லாம் அலமாரியோடு பேசினார். இன்றைக்குக் காய் நிறம் எடுத்தது, விறகு ஈரம், மேஸ்திரிக்குக் காய்ச்சல். ஒரு மாலையில், பனி கதவிடுக்கில் நுழைந்துகொண்டிருக்கும்போது, வெட்கத்தை விட்டுக் கேட்டே விட்டார்.

“இரு சோணை. நீயும் என்ன விட்டுட்டுப் போயிராத.”

பீடி வாடை மட்டும் நெடுநேரம் நின்றது.

அந்த வாரத்திலேயே கற்கள் பெருகின. அலமாரியில் இருந்த எல்லா லாரிகளுக்கும் பின்சக்கரத்தில் கல். மறுநாள் அவர் செருப்புக்குள் கல். அதற்கடுத்த நாள் தலையணைக்கடியில். எறிந்துவிட்டு வந்தால், எறிந்த கல்லே சிவப்பு மண்ணோடு மறுபடி வந்திருந்தது. ஸ்டோரில் வேலுத்தாய் எதிரே வந்தால் அவர் வேறு பக்கம் பார்க்கத் தொடங்கினார்.

ஒரு விடியற்காலையில் மூச்சு முட்டி விழித்தார். கத்த நினைத்தார். சத்தம் வரவில்லை.

நாக்கின் மேல் ஏதோ கனமாக இருந்தது.

குளிர்ந்தது. ஈரமானது.

விரலை விட்டு எடுத்தார். சிவப்பு மண் அப்பிய கல். பல்லிடுக்கெல்லாம் மண் நறநறத்தது. அவர் படுக்கையிலிருந்து எழுந்து, வாயைக் கொப்பளிக்கக்கூட நிற்காமல், வெறுங்காலோடு ஸ்டோருக்கு ஓடினார்.

வேலுத்தாய் அப்போதுதான் வந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். அவர் மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னார். கட்டை எரிந்ததை, சோணை கல் கொடுத்ததை, இரண்டாவது கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததை.

அவள் அழவில்லை. “கல்லத் தூக்கிட்டு ஓடியாந்துச்சா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

“ஆமா தாயி.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

அவர் தலை குனிந்துகொண்டார். அவள் கையைக் கழுவிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கிப் போனாள். வெள்ளைப்பாறைத் திருப்பத்தில் நடு ரோட்டில் நின்றாள். போகும் வண்டி, வரும் வண்டி எல்லாம் நின்றன. மத்தியானம் மொக்கையனின் லாரி வந்தது. அவளைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். இறங்கி வந்து, அத்தனை டிரைவர்கள் முன்னாலும், யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டான். இரண்டு பேர் அவனை அடிக்கப் போனார்கள். வேலுத்தாய்தான் தடுத்தாள்.

“அடிச்சு என்ன ஆகப்போகுது? ஹாரன அடிக்கச் சொல்லுங்க.”

தோட்டத்து வீட்டில் இருந்த காசிராஜனுக்கு அது கேட்டது. முதலில் ஒரு ஹாரன், நீளமாக. பிறகு நின்றிருந்த வண்டிகள் எல்லாம் சேர்ந்து. மலை முழுக்க அந்தச் சத்தம் ஓடித் திரும்பியது. அவர் அலமாரிக்கு முன்னால் நின்று அழுதார்.

சாயங்காலம் புதிதாக ஒரு கட்டை செதுக்கி மலையரசியில் மாட்டினார். மறுநாள் அது மாட்டிய இடத்திலேயே தொங்கியது. அதற்கடுத்த நாளும் தொங்கியது. கல் வரவில்லை. வாடை வரவில்லை. இரண்டாவது டம்ளரில் ஊற்றிய காப்பி ஏடு படிந்து அப்படியே இருந்தது. கீழே திருப்பத்தில் வேலுத்தாய் நட்ட கல்லுக்கு ஒவ்வொரு வண்டியும் ஹாரன் கொடுத்துப் போவது மட்டும் பகலெல்லாம் கேட்டது. அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். வீடு முன்னைவிடப் பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.

தை பிறந்ததும் திருப்பதி என்ற தோட்டத்து ஜீப் டிரைவர் தேவாரத்துக்குப் போய்விட்டு ஒரு சேதியோடு வந்தார்.

“அண்ணே, பொன்னுமணி அக்கா உங்கள வரச் சொல்லுச்சு. அங்க ஏதாச்சும் சோலி பாத்துக்கலாமாம். லாரிகளையும் கொண்டாரச் சொல்லுச்சு. அதுகளுக்கு மச்சுல பலகை அடிச்சு வச்சிருக்காம்.”

காசிராஜன் அந்தச் சேதியை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். மலையில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை; அன்று திருப்பதி பார்த்தார். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, சின்ன லாரிகளை வைக்கோல் போட்டுப் பெட்டியில் அடுக்கினார். மலையரசியை மட்டும் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் முன்னால் ஏறி உட்கார்ந்தார். பின்னால் பெட்டியும் படுக்கையும் இருந்தன.

மத்தியானம்தான். ஆனாலும் பனி இறங்கிவிட்டது. வீட்டுக்கு முன்னால் இருந்த சரிவில் திருப்பதி எஞ்சினைக் கிளப்பிக் கியரைப் போட்டார்.

தட்.

திருப்பதி முன்பு லாரி ஓட்டிவிட்டு ஜீப்புக்கு வந்தவர். கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது.

“யாருண்ணே பின்னால தட்டுனது?”

காசிராஜன் மடியைப் பார்த்தார். துண்டுக்குள்ளிருந்து வாடை எழுந்தது. டீசல், நனைந்த சாக்கு, பீடி.

திருப்பதி இறங்கிப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது.

“பின்சக்கரத்துக்குக் கல்லு குடுத்திருக்குண்ணே. நான் வைக்கல. எடுத்துப் போட்டிரவா?”

“வேணாம். தொடாத.”

அவர் துண்டை விலக்கினார். மலையரசியின் பின்னால் நூல் மட்டும் தொங்கியது. இரு, நீயும் போயிராத என்று தான் கேட்டது நினைவுக்கு வந்தது. கேட்டதற்கு அன்று பதில் வரவில்லை. கிளீனர் ஆட்கள் பேச மாட்டார்கள், சொன்ன இடத்தில் இருப்பார்கள். ஹாரன் கிடைத்த பிறகும் சோணை போகவில்லை. அவர் புறப்படும்வரை சத்தமில்லாமல் இருந்துவிட்டு, இப்போது அவரைப் போகவிடாமல் கல் வைத்திருக்கிறான்.

தேய்ந்த இடத்தில் காசிராஜன் உள்ளங்கையை வைத்தார். மரம் வெதுவெதுவென்று இருந்தது.

“அவ எனக்காகப் பலகை அடிச்சு வச்சிருக்கா சோணை” என்றார் மெதுவாக. “போகட்டுமா?”

திருப்பதி ஏறி உட்கார்ந்தார். அவர் மடியில் இருந்ததைப் பார்க்காமல் முன்கண்ணாடியையே பார்த்தார்.

“எடுக்கவாண்ணே?”

“இரு திருப்பதி. ரெண்டு தட்டு விழுகட்டும்.”

கீழே வெள்ளைப்பாறைத் திருப்பத்தில் ஏதோ ஒரு லாரி சோணைக்கு ஹாரன் கொடுத்துவிட்டுப் போனது. பனி வீட்டை மறைத்தது, பாதையை மறைத்தது, ஜீப்பின் மூக்கையும் மறைத்தது. பலகை சத்தம் காட்டவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பதி எஞ்சினை அணைத்தார்.